ஐம்பது வருடத்துக்கு முந்தைய டிங்கி புத்தகம் ஏன் இன்னும் பழசாகவில்லை

பழைய டிங்கி பந்தயக் கையேடு ஒன்றைப் புரட்டினால் முதலில் சிரிப்புதான் வரும். கறுப்பு வெள்ளைப் படங்கள். மரத்தில் செய்த படகுகள். கனத்த கம்பளிச் சட்டையோடு படகின் விளிம்பில் தொங்கும் ஆட்கள். எந்தக் கயிறு நல்லது, மரத்துக்கு எந்த வார்னிஷ் பூசலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அதில் பாதிப் பொருள் இன்று கடையிலேயே கிடையாது. சரி, தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் காற்றைப் பற்றிய அத்தியாயத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். அதில் இருப்பது நேற்று எழுதியது மாதிரி இருக்கும்.

டிங்கி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இரண்டிலிருந்து ஐந்து மீட்டர் வரை நீளமுள்ள, எஞ்சின் இல்லாத சின்னப் பாய்மரப் படகு அது. பெரிய யாட்டுகளுக்கு அடியில் ஈயமோ இரும்போ இருக்கும். படகு சாய்ந்தாலும் அந்தக் கனம் இழுத்து நிமிர்த்திவிடும். டிங்கிக்கு அந்த வசதி இல்லை. அடியில் ஒரு பலகை மட்டும் இறங்கியிருக்கும், அது படகு பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொள்ளும். சாயாமல் பிடிப்பதெல்லாம் உள்ளே இருப்பவரின் உடம்புதான். காற்று ஏறினால் விளிம்புக்கு வெளியே முதுகைச் சாய்த்துத் தொங்க வேண்டும். அப்படியும் கவிழும். கவிழ்ந்தால் அந்தப் பலகைமேல் ஏறி நின்று படகை நிமிர்த்தி, மறுபடி உள்ளே ஏறி, விட்ட இடத்திலிருந்து ஓட்ட வேண்டும்.

இந்த விளையாட்டுக்கு நல்ல புத்தகங்கள் எழுதியவர்கள் பெரும்பாலும் ஓட்டியவர்களே. டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ராம் 1948, 1952, 1956, 1960 என்று நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கியவர். பந்தய விதிகளை விளக்கி அவர் எழுதிய புத்தகத்தோடு சின்னச் சின்ன பிளாஸ்டிக் படகுகளும் வரும்; மேசைமேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்து விதியைப் புரிந்துகொள்ளலாம். பிரிட்டனில் எரிக் ட்வினேம் 1970களில் எழுதிய 'ஸ்டார்ட் டு வின்' இன்னொரு பெயர் பெற்ற கையேடு. அவர் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை பிரிட்டனில் சிறுவர்களும் இளைஞர்களும் பாய்மரப் படகு ஓட்ட உதவிவருகிறது.

ஒரு பந்தயப் புத்தகமும் இளையோருக்கான உதவியும் ஒரே பெயரின் கீழ் வந்து சேர்ந்தது தற்செயல் போலத் தெரியலாம். இந்த விளையாட்டின் 41ஆவது விதியைப் படித்தால் அப்படித் தோன்றாது. பந்தயம் நடக்கும்போது படகுக்கு வெளியிலிருந்து யாரும் உதவக் கூடாது என்கிறது அந்த விதி. அடிபட்டவருக்கு, ஆபத்தில் இருப்பவருக்கு உதவலாம். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் தகவலைப் பயன்படுத்தலாம். இப்படிச் சில விலக்குகள் மட்டும் உண்டு. கால்பந்தில் கோட்டுக்கு வெளியே நின்று பயிற்சியாளர் கத்தலாம். டென்னிஸில்கூட இப்போது இருக்கையிலிருந்து ஆலோசனை சொல்ல விடுகிறார்கள். டிங்கியில் ஒன்பது வயதுக் குழந்தை தனியாக ஒரு படகில் முக்கால் மணி நேரம் இருக்கும். எப்போது திரும்புவது, யாருக்கு வழிவிடுவது, தண்ணீரைக் கறுக்கவைத்து வரும் காற்றை நம்புவதா வேண்டாமா என்று எல்லாமே அதுவே முடிவெடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க வேண்டியதையெல்லாம் படகு கரையை விட்டு நகர்வதற்கு முன்பே சொல்லி முடித்திருக்க வேண்டும்.

அப்படி முன்கூட்டியே தலைக்குள் ஏற்ற வேண்டியதில் முதல் இடம் காற்றுக்கு.

எந்தப் பாய்மரப் படகும் காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வாகத்தான் போக முடியும். அதனால் சுற்றிவர வேண்டிய மிதவை காற்று வரும் பக்கத்தில் இருந்தால் இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் டேக் என்று பெயர். மிதவை 1,000 மீட்டரில் இருந்தால் படகு சுமார் 1,400 மீட்டர் ஓட வேண்டியிருக்கும். காற்று அசையாமல் ஒரே திசையிலிருந்து வந்தால் இரண்டு முறை திரும்பினாலும் இருபது முறை திரும்பினாலும் ஓடும் தூரம் அதேதான், திருப்பத்துக்குத் திருப்பம் இழக்கும் வேகத்தைத் தவிர.

ஆனால் காற்று அசையாமல் இருப்பதே இல்லை. நிலம் சூடாகும், மேகம் கடக்கும், கரையோர மரங்களும் கட்டிடங்களும் காற்றை வளைக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து பாகை இந்தப் பக்கம், பத்துப் பாகை அந்தப் பக்கம் என்று அது ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் தொடங்குவதே இங்கேதான்.

இதைப் புரியவைக்க ஓர் ஏணியைக் கற்பனை செய்யச் சொல்வார்கள். மிதவையிலிருந்து கீழ்நோக்கி ஓர் ஏணி கிடக்கிறது. அதன் படிகள் காற்றின் திசைக்குக் குறுக்காக இருக்கின்றன. ஒரே படியில் இருக்கும் இரண்டு படகுகள், ஒன்று இடக்கோடியிலும் மற்றது வலக்கோடியிலும் இருந்தாலும், சமம்தான். இப்போது காற்று வலது பக்கமாகப் பத்துப் பாகை திரும்புகிறது. ஏணி முழுவதும் காற்றோடு சேர்ந்து சுழல்கிறது. வலது பக்கம் இருந்த படகு எதுவுமே செய்யாமல் மேல்படிக்குப் போய்விடும். இரண்டு படகுக்கும் இடையே 100 மீட்டர் இருந்தால், வலது படகுக்குக் கிடைக்கும் முன்னிலை ஓட்டத் தூரத்தில் சுமார் 25 மீட்டர். ஐஎல்சிஏ எனப்படும் ஒற்றை ஆள் படகின் நீளம் 4.23 மீட்டர், ஆறு படகு நீளம் சும்மா கிடைத்திருக்கிறது! புதுப் பாய், மெழுகு போட்டுத் தேய்த்த அடிப்பாகம், இலேசான கயிறு எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஓட்டத்தில் இதைத் தர முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

சரி, எந்தப் பக்கம் போவது? காற்று ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது என்றால் படகின் மூக்கு மிதவையிலிருந்து விலகித் தள்ளப்படும்போது திரும்ப வேண்டும். இதை ஹெடர் என்பார்கள். மூக்கு மிதவைப் பக்கம் போக இடம் கிடைத்தால் அது லிஃப்ட். அப்போது திரும்பாமல் அப்படியே ஓட்ட வேண்டும். காற்று ஆடாமல் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகிறது என்றால் கணக்கு மாறும்: அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக்கு முதலில் போய்விட வேண்டும். இந்த இரண்டில் இன்று எது என்று தெரிய ஒரே வழி, பந்தயத்துக்கு அரை மணி முன்பே தண்ணீருக்குப் போய், சில நிமிடத்துக்கு ஒருமுறை படகைக் காற்றுக்கு நேராக நிறுத்தி, மூக்கு கரையில் எதைக் காட்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது. சிறுவர்களுக்கு இந்த வேலை அலுப்பூட்டும். கரையில் பந்து விளையாடவே பிடிக்கும். ஆனால் ஒருமுறை இப்படிப் பார்த்துவைத்து ஜெயித்துவிட்டால் அப்புறம் யாரும் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது புறப்பாடு. ஓட்டப்பந்தயம் மாதிரி நின்ற இடத்திலிருந்து இங்கே கிளம்ப முடியாது, படகுக்கு பிரேக் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடத்தில் இன்னொன்று. ஒரு நிமிடம் இருக்கும்போது அந்த இரண்டாவது கொடி இறங்கும். முதல் கொடியும் இறங்கினால் பந்தயம் தொடங்கியது. அந்த நொடியில் கோட்டின்மேல், முழு வேகத்தில், பக்கத்துப் படகின் நிழல் படாத காற்றில் இருக்க வேண்டும். நாற்பது படகுக்கும் இதே ஆசை. கோடு கண்ணுக்குத் தெரியாது. நடுவர் படகின் கம்பத்துக்கும் ஒரு மிதவைக்கும் இடையே மனதால் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். நடுக்கோட்டில் இருப்பவர்கள் பயத்தில் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே நிற்பார்கள். இதற்குப் பழைய புத்தகங்கள் சொல்லும் வழி இன்றும் செல்லும்: கோட்டின் ஒரு முனைக்கு வெளியே போய் நின்று மறுமுனை வழியாகக் கரையைப் பாருங்கள். அங்கே ஒரு மரமோ கூரையோ தெரியும். புறப்படும்போது மிதவையும் அந்த மரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் நீங்கள் கோட்டின்மேல் இருக்கிறீர்கள். ஜிபிஎஸ் கடிகாரம் எதுவும் வேண்டாம்.

கோட்டின் இரு முனைகளும் காற்றுக்குச் சமமாக அமைவதும் அபூர்வம். 100 மீட்டர் கோடு பத்துப் பாகை சாய்ந்திருந்தால் ஒரு முனை மற்றதைவிட 17 மீட்டர் காற்றுப் பக்கம் முன்னால் இருக்கும். ஏணிக் கணக்கேதான், வேறு வேஷம்.

இப்போது புத்தகம் பழசாகும் இடத்துக்கு வருவோம், அதாவது விதிகளுக்கு. பாய்மரப் பந்தய விதிகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன; இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. காற்றை இடது பக்கம் வாங்கி ஓடும் படகு, வலது பக்கம் வாங்கி ஓடும் படகுக்கு வழிவிட வேண்டும். இருவரும் ஒரே பக்கம் வாங்கி அருகருகே போனால் காற்றுப் பக்கம் இருப்பவர் ஒதுங்க வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரை இடிக்கக் கூடாது. இந்த மூன்றும் அன்றும் இன்றும் ஒன்றே. மிதவையைச் சுற்றும் இடத்தில்தான் வித்தியாசம்: உள்பக்கம் இருப்பவருக்கு இடம் தர வேண்டிய வட்டம் முன்பு இரண்டு படகு நீளமாக இருந்தது, 2009இலிருந்து மூன்று. பழைய புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுப் போகும் பிள்ளை அந்த மூன்றாவது நீளத்தில் மாட்டிக்கொள்ளும்.

விதியைவிட விதியை நடத்தும் முறைதான் எனக்கு ஆச்சரியம். பெரும்பாலான டிங்கி பந்தயங்களில் தண்ணீரில் விசில் ஊதும் நடுவர் கிடையாது. தப்பு செய்தவர் தானாகவே ஒதுங்கிப்போய் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றித் தண்டனையைக் கழிக்க வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. ஒப்புக்கொள்ளாவிட்டால் எதிராளி "புரோட்டஸ்ட்" என்று கூவலாம். கரைக்கு வந்தபின் விசாரணை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெரியவர்கள் முன் உட்கார்ந்து, காற்று எங்கிருந்து வந்தது, எந்தப் படகு எங்கே இருந்தது என்று மேசைமேல் பொம்மைப் படகை நகர்த்திக் காட்டி வாதாடும். யாரும் பார்க்காத இடத்தில் மிதவையைத் தொட்ட பிள்ளை தானாகச் சுற்றுவதைப் பார்த்தால், இந்த விளையாட்டுக்கு ஏன் இத்தனை பெற்றோர் மயங்குகிறார்கள் என்று தெரியும்.

விதிப் புத்தகத்தின் முதல் விதி பந்தயத்தைப் பற்றியதே இல்லை. ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவியைச் செய்ய வேண்டும் என்பதுதான் அது. 1988 சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் பூசானில் நடந்தன. கனடாவின் லாரன்ஸ் லெமியூ ஃபின் என்ற ஒற்றை ஆள் படகு வகுப்பில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார். காற்று சீறியது. பக்கத்தில் வேறொரு வகுப்பின் பந்தயத்தில் சிங்கப்பூர் படகு ஒன்று கவிழ்ந்து, இரண்டு பேர் தண்ணீரில் கிடந்தார்கள். லெமியூ பந்தயத்தை விட்டு அவர்களிடம் போய்த் தூக்கிப்போட்டுக்கொண்டு, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். பின்தங்கித்தான் முடித்தார். உதவப் போனதால் இழந்த இடத்தைத் திருப்பித் தரவும் விதியில் வழி இருக்கிறது. நடுவர் குழு அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தது. பதக்கம் கிடைக்கவில்லை. ஒலிம்பிக் குழு, விளையாட்டு நேர்மைக்கான 'பியர் தெ கூபர்தான்' பதக்கத்தை அவருக்குத் தந்தது.

புள்ளிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. கடைசியில் குறைந்த புள்ளி உள்ளவர் வெற்றி. 3, 4, 2, 5 என்று முடித்தவருக்கு 14. 1, 1, 12, 9 என்று முடித்தவருக்கு 23. இரண்டு பந்தயம் ஜெயித்தவர் ஒன்றுமே ஜெயிக்காதவரிடம் தோற்கிறார். மோசமான ஒன்றைக் கழித்துவிடலாம் என்றாலும் 9 எதிர் 11தான். கோட்டின் கோடியில் போய்ச் சூதாடுவதைவிட ஒழுங்காக ஓட்டுவது மேல் என்று பழைய கையேடுகள் அலுக்காமல் சொன்னதற்குக் காரணம் இந்தக் கூட்டல்தான்.

இதெல்லாம் தலைக்குள் ஏறட்டும். ஓட்டிப் பார்க்கப் படகு வேண்டுமே. 1947இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளியர்வாட்டர் என்ற ஊரில், சிறுவர்களுக்கு மலிவாக ஒரு படகு வேண்டும், செலவு 50 டாலருக்குள் அடங்க வேண்டும் என்று கேட்டார்கள். கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர் ஒட்டுப்பலகையை வெட்டி, மூக்கு சப்பையான ஒரு பெட்டியைச் செய்தார். அதுதான் ஆப்டிமிஸ்ட். நீளம் 2.3 மீட்டர், உடல் எடை 35 கிலோ, ஒரே ஒரு சின்னப் பாய். பார்க்க அழகில்லை, குளியல் தொட்டி என்று கேலி செய்வார்கள். ஆனால் 1950களில் டென்மார்க்குக்குப் போய் அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. பதினைந்து வயது வரை அதில் பந்தயம் விடலாம். ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளியும் நான்கு தங்கமும் வாங்கிய பென் ஐன்ஸ்லி தொடங்கியதும் அதில்தான்.

பின்னர் 1970களின் தொடக்கத்தில் லேசர் வந்தது. புரூஸ் கர்பி வரைந்தது, இன்று ஐஎல்சிஏ என்று பெயர். அதன் புத்திசாலித்தனம் என்னவென்றால் ஒரே உடல், மூன்று அளவுப் பாய். பிள்ளை வளர வளரப் பாயையும் பாய்மரத்தின் கீழ்ப்பாதியையும் மாற்றினால் போதும், படகு அதேதான். எல்லாப் படகும் ஒரே அச்சு என்பதால் காசு கொடுத்து வேகம் வாங்குவது கஷ்டம். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். பாய் தளர்ந்தால் வேகம் குறையும், பல வருடம் அடிபட்ட படகு உடல் நொய்ந்துபோகும். உச்சத்தில் ஓடும் பிள்ளைகளுக்கு அது உறைக்கும். ஆனால் நடுவில் ஓடுகிற பிள்ளை பழைய பாயால் இழப்பதைவிடப் புறப்பாட்டில் இழப்பதே அதிகம்.

இந்த இடத்தில்தான் உதவ விரும்புகிறவர்கள் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். மினுமினுக்கும் புதுப் படகைப் பரிசாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. அந்தப் படகு வாரத்தில் எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. சிறுவர்களைத் தண்ணீருக்கு அனுப்ப மீட்புப் படகு வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். அதை ஓட்டத் தெரிந்த, எஞ்சினை நிறுத்தும் கில் கார்டை மறக்காமல் காலில் மாட்டிக்கொள்ளும் பெரியவர் வேண்டும். ஆப்டிமிஸ்ட் கவிழ்ந்து நிமிர்ந்தால் உள்ளே முழுக்கத் தண்ணீர்தான். மூன்று காற்றுப் பைகள் அதை மிதக்க வைக்கும், மிச்சத்தைப் பிள்ளை வாளியால் இறைக்க வேண்டும். அது இறைத்து முடிக்கும்வரை பக்கத்தில் ஒருவர் பொறுமையாக, கை கொடுக்காமல், கண் எடுக்காமல் நிற்க வேண்டும். மிதவை போட ஒருவர், கொடி ஏற்ற ஒருவர், கணக்கு எழுத ஒருவர். இந்த ஆட்கள் இல்லாததால்தான் எத்தனையோ நல்ல படகுகள் உறைபோட்டபடி கரையிலேயே கிடக்கின்றன.

இன்னொரு ஓட்டை பதினைந்து வயதில் இருக்கிறது. ஆப்டிமிஸ்ட் முடிந்தது, அடுத்த படகு பெரிது, விலையும் பெரிது. தோற்றுக்கொண்டே இருந்த பிள்ளைக்கு அதை வாங்கவும் மனம் வராது. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கிளப்புக்குச் சொந்தமான இரண்டு ஆள் படகு நாலைந்து இருந்தால், '420' என்ற வகைப் படகு மாதிரி, இதில் பெரும்பகுதியை அடைக்கலாம். யாரும் தனியாக வாங்க வேண்டாம், செலவு பங்காகும். அதைவிட முக்கியம், தனியாக ஓட்டி அலுத்த பிள்ளைக்குப் பேச ஒரு கூட்டாளி கிடைப்பார். இளையோருக்கான உதவித்தொகைகள் முதல் மூன்று இடக்காரர்களுக்கே போகும் பழக்கத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் எப்படியும் ஓட்டுவார்கள். பதினெட்டாவதாக வரும் பிள்ளைதான் அடுத்த வாரம் வருமா வராதா என்று தெரியாமல் இருக்கிறது.

சரி, அந்தப் பழைய புத்தகம் கையில் இருந்தால் என்ன செய்வது? வார்னிஷ் அத்தியாயத்தை விட்டுவிடலாம். நடப்பு விதிப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிதவை வட்டம் பற்றிய பக்கத்தில் 'இரண்டு' என்பதை பென்சிலால் அடித்து 'மூன்று' என்று எழுதி, அந்தப் பதினெட்டாவது பிள்ளையிடம் கொடுங்கள். சனிக்கிழமை காலை மீட்புப் படகில் உட்காரவும் நீங்களே போங்கள்.